அப்பா எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வருகிறவர்கள் இரண்டு ஜாதி. புத்தகம் வாங்க வருகிறவர்கள், மிளகாய் பஜ்ஜி சாப்பிட வருகிறவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. 1977-ல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் சிறியதாக ஆரம்பித்த புத்தகக் காட்சி, இடம் மாறி மாறி இப்போது ஏறக்குறைய 900 அரங்குகளோடு இங்கே நடக்கிறது. பலகைத் தளம் மட்டும் மாறவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் எங்கே பள்ளம் என்று தெரியாமல் கப்பல் தளத்தில் நடப்பது போல நடக்க வேண்டும்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஜோடியைப் பார்த்தேன். பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கலாம். ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, பலகையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். பையன் இரண்டு கையிலும் பை, தோளில் அவளுடைய ஹேண்ட்பேக், கக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஒரு அரங்கில் 'மருத்துவம்' என்று ஒட்டியிருந்த அலமாரி முன்னால் நின்றார்கள். அவள் கர்ப்பிணிகளுக்கான கையேடு ஒன்றை எடுத்துப் பொருளடக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து, "இதுல உனக்கு எத்தனை பக்கம்டா?" என்றாள்.

அவன் பைகளைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப சீரியஸாகத் தேடினான். "இரு, இரு... இருக்கு. கடைசிக்கு முன்னாடி அத்தியாயத்துல ஒரு பாரா."

"என்ன போட்டிருக்கு?"

"உன்கிட்ட அன்பா, ஆறுதலா இருக்கணுமாம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். அதுக்கப்புறம் பால் கொடுப்பது எப்படின்னு போயிடுச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாங்காமல் நகர்ந்துவிட்டார்கள். எனக்குத்தான் பொறி தட்டியது. அந்த அலமாரியிலிருந்து ஆறு புத்தகங்களை வாங்கினேன். பில் போட்ட இளைஞர் என் நரைத்த தலையைப் பார்த்து, "பேத்திக்கா சார்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். பத்து சதவிகிதம் கழிவு கொடுத்தார்.

ஒரு வாரம் உட்கார்ந்து ஆறையும் படித்தேன். கவிதைத் தொகுப்புக்கும் நாவலுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். வருஷம் முழுக்க விற்கிற, பயந்துபோன ஒரு பெண் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிற இந்தப் புத்தகங்களுக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆறில் நான்கு, டாக்டர்கள் எழுதியவை. எந்த அறிகுறி வந்தால் நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற பகுதி நான்கிலும் தெளிவாக இருக்கிறது. விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப் போக்கு, குழந்தையின் அசைவு குறைவது. பனிக்குடம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி என்று நம் பாட்டிகளின் சொற்களையே வைத்து, கலைச்சொல் அகராதி புரட்டாமல் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்தப் புத்தகங்களுக்கும் அதில் ஒரு துளி பங்கு இருக்கலாம்.

மற்ற இரண்டும் வேறு ரகம். குங்குமப்பூ போட்ட பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று ஒன்றில் இன்னமும் இருக்கிறது. தோல் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின். அதைத் தீர்மானிப்பது அப்பா அம்மாவிடமிருந்து வரும் ஜீன்கள். குங்குமப்பூ விற்பவருக்குத்தான் அதனால் முகம் சிவக்கும். இன்னொன்றில் வயிற்றில் இருக்கும்போதே குழந்தையை ஐ.ஏ.எஸ். ஆக்குவதற்கு மாதாமாதம் பாடத்திட்டம். ஆதாரம், அபிமன்யு.

இந்த அபிமன்யு கதையை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நம் ஊரில் சொல்லப்படுகிற கதைப்படி, கர்ப்பிணியான சுபத்திரையிடம் அர்ஜுனன் சக்கர வியூகத்துக்குள் நுழைவது எப்படி என்று விவரிக்கிறான். வெளியே வருவது எப்படி என்று சொல்வதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். குழந்தை பாதிப் பாடம்தான் கற்றது, போரில் செத்தது. காலகாலமாகப் பழி சுபத்திரையின் தூக்கத்தின் மேல். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்தவளிடம் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ராணுவ விஷயம் பேசுகிறானே, இவனுக்கு வேறு சப்ஜெக்டே கிடைக்கவில்லையா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "கால் வலிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சுபத்திரை முழித்துக்கொண்டிருந்திருப்பாள்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். என் பெரிய புகார் குங்குமப்பூ இல்லை. அதைத் திருத்திவிடலாம். இந்தப் புத்தகங்களின் வாக்கிய அமைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. எல்லாமே 'வேண்டும்' என்று முடிகிறது. ஒரே தடவையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கீரை தினம் வேண்டும். மதியம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கனமான பொருளைத் தூக்கக் கூடாது. எல்லாம் சரி. ஐந்தாறு வேளைச் சாப்பாட்டை யார் பண்ணுவது? கீரையை யார் ஆய்வது? தண்ணீர் கேனை யார் கவிழ்ப்பது? ஆறு புத்தகங்களிலும் இதற்கு ஒரே பதில்தான்: 'வீட்டில் உள்ளவர்கள்'.

யார் இந்த வீட்டில் உள்ளவர்கள்? இந்தக் கையேடுகளின் மனசில் ஒரு வீடு இருக்கிறது. அதில் மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, திண்ணையில் ஒரு பாட்டி உண்டு, கொல்லையில் முருங்கை மரமும் உண்டு. நந்தனத்திலிருந்து சி.ஐ.டி. நகர் வழியாகத் தி. நகர் வரை ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், இரண்டு பேர். இரண்டு பேருக்கும் வேலை. ஒருத்தருடைய அம்மா திருநெல்வேலியில் மூட்டுவலியோடு, இன்னொருத்தருடைய அம்மா கோயமுத்தூரில் பேரனைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் உள்ளவர்கள் என்றால் அங்கே இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனுக்குத்தான் ஒரு பாரா.

தமிழில் கர்ப்பிணிக்கு எத்தனை வார்த்தை பாருங்கள். சூலி, கருவுற்றவள், பிள்ளைத்தாய்ச்சி, வாயும் வயிறுமா இருக்கா, மாசமா இருக்கா, முழுகாம இருக்கா. வாந்திக்கே மசக்கை என்று அழகாகப் பெயர் வைத்த மொழி. அந்தப் பத்து மாதம் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற ஆணைக் குறிக்க எனக்குத் தெரிந்து ஒரு வார்த்தை கூட இல்லை. 'அவளுடைய ஆத்துக்காரர்' அல்லது 'வீட்டுக்காரர்'. வீடு அவருடையது, அவ்வளவே. இங்கிலீஷ்காரன் இப்போதெல்லாம் 'வி ஆர் பிரெக்னன்ட்' என்கிறான். அது எனக்குக் கொஞ்சம் ஓவராகப் படுகிறது. வாந்தியில் அவனுக்குப் பங்கில்லையே. ஆனால் அந்த அபத்தமான பன்மையில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது.

வார்த்தை இல்லையென்றால் விஷயமும் இல்லையோ என்று சங்க இலக்கியத்தில் தேடினேன். காதல், பிரிவு, ஊடல் என்று கணவன் மனைவி விஷயத்தில் அவர்கள் விட்டுவைத்தது எதுவும் கிடையாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்? குறுந்தொகை 167-ல் புதுசாகக் கல்யாணமான பெண் புளித்த தயிரைப் பிசைந்து, புகை கண்ணைக் கரிக்கக் குழம்பு வைக்கிறாள். அவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். எல்லா மேடையிலும் சொல்லப்படும் பாட்டு. (அவன் சமைத்து அவள் சாப்பிட்ட பாட்டு இருந்தால் சொல்லுங்கள்.) ஐங்குறுநூறு 401-ல் குழந்தை நடுவில், இவர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கிறார்கள், குட்டியை நடுவில் விட்ட மான் ஜோடி மாதிரி. ஆக கல்யாணம் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது. நடுவில் பத்து மாதம்?

அது இருப்பது உவமையில். குறுந்தொகை 287. கச்சிப்பேட்டு நன்னாகையார், பெண் புலவர். மழை மேகம் நகர முடியாமல் மெதுவாக ஏறி வருவதைச் சொல்ல வந்தவர், பச்சைப்புளிக்கு ஆசைப்படும் நிறைமாத கர்ப்பிணி அடி எடுத்து வைக்க முடியாமல் தளர்வதைச் சொல்கிறார். எத்தனை துல்லியம். அந்த ஜோடியில் அந்தப் பெண் ஒய்.எம்.சி.ஏ. பலகையில் நடந்த நடை அதுதான். ஆனால் பாட்டு மேகத்தைப் பற்றியது, கார்காலம் வந்தும் திரும்பாத கணவனைப் பற்றியது. கர்ப்பிணி வந்துபோனது ஒரு கணம்.

அப்பா எங்கே என்றால் நற்றிணை 40-ல் இருக்கிறார். பிள்ளை பிறந்திருக்கிறது. வீட்டில் மணி ஒலிக்கிறது, பெண்கள் நல்ல சொல் கேட்டு நிற்கிறார்கள், வெண்சிறுகடுகு அரைத்து அப்பி, நெய் பூசிக் குளித்த தாய் அயர்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். நடுராத்திரியில் அப்பா வருகிறார். எப்படி? திருடன் மாதிரி. பரத்தை வீட்டிலிருந்து. பாட்டைச் சொல்பவளே அந்தப் பரத்தைதான். தன் அப்பா பெயரை வைக்க ஒரு பையன் பிறந்துவிட்டான், அதனால் போயிருக்கிறார் என்று. பிரசவ வீட்டுக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவை இதைவிடக் கூர்மையாக ஒரே காட்சியில் வைத்தவர்கள் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். சொந்த வீட்டுக்குள் சொந்தக் குழந்தையைப் பார்க்கத் திருடன் மாதிரி நுழைகிற ஒரு ஆள்.

ஆணை உள்ளே இழுத்துப் போடும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லாமலே இல்லை. எழும்பூர் மியூசியத்தின் சூப்பரின்டென்டன்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதி போட்டார். குறவர், எருக்கலர் பற்றி அதில் ஒரு விநோதக் குறிப்பு வருகிறது. மனைவிக்கு வலி கண்டதும் கணவன் அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, மங்கலான விளக்கு வைத்த இருட்டறையில் போய்ப் போர்த்திக்கொண்டு படுப்பானாம். மானுடவியல்காரர்கள் இதற்குக் 'கூவாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இதே மாதிரி உண்டு. தர்ஸ்டன் காலத்து ஆசாமிகள் இதைக் காட்டு வழக்கம் என்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிகிறது. வலியைப் பங்கு போட முடியாது, பங்கு போடுவதாக நடிக்கவாவது செய்கிறேன் என்று ஒருத்தன் படுத்துக்கொள்கிறான்.

இந்த விஷயத்தில் உடம்பும் சும்மா இருப்பதில்லை. பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரில் 624 ஆண்களைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் கணிசமாக இறங்கிவிடுகிறது. குழந்தையோடு தினமும் நிறைய நேரம் செலவழிப்பவர்களுக்கு இன்னும் குறைச்சல். அதற்கு முந்தின வருஷம் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு வருகிறது என்று கணக்குச் சொன்னது. இதெல்லாம் அந்த ஒரு பாராவில் இல்லை. அவன் மட்டும் அன்பாக, ஆறுதலாக இருக்க வேண்டும்.

சடங்குகளைப் பார்த்தால், வளைகாப்பு முழுக்கப் பெண்கள் சமாச்சாரம். கண்ணாடி வளையல், சந்தனம், ஐந்து வகைச் சாதம். கணவன் கேட்டரிங்காரரிடம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். சீமந்தத்தில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. முள்ளம்பன்றி முள்ளால் அவள் தலைவகிட்டை மேல்நோக்கிப் பிரிக்க வேண்டும். அந்த வடமொழிப் பெயருக்கே வகிட்டை உயர்த்துவது என்றுதான் அர்த்தம். நாள்பூரா புகையில் வியர்த்து உட்கார்ந்திருப்பவளுக்குத் தலைவாருவது என்று இதை எடுத்துக்கொண்டால், அத்தனை மந்திரத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் அவளுக்கு இதமான காரியம்.

இனி சினிமா. தமிழ் சினிமாவில் கர்ப்பம் என்பது நாடி பிடித்துப் பார்த்து ஐந்து விநாடியில் கண்டுபிடிக்கப்படும் வியாதி. வாந்தி, மயக்கம், மாங்காய், ஹீரோ அவளைத் தூக்கிச் சுற்றுவது, வளைகாப்புப் பாட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடை, 'குவா'. ஒன்பது மாதம் ஒரு பாட்டில் முடிந்துவிடும். இதற்கு நடுவில் மூன்று படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

'அஞ்சலி' (1990) இன்றைக்கும் அந்தக் குழந்தைக்காக நினைவில் இருக்கிறது. நான் திரும்பப் பார்த்தபோது உறுத்தியது ரகுவரன். பிறந்த குழந்தைக்கு மூளை வளர்ச்சியில் கோளாறு, பிழைக்காது என்று தெரிகிறது. கணவன் ஒரு முடிவெடுக்கிறான். குழந்தை இறந்தே பிறந்தது என்று ரேவதியிடம் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் வேறு இடத்தில் வைத்து வளர்க்கிறான். இரண்டு வருஷம் தனியாகச் சுமக்கிறான். படம் இதைத் தியாகமாகவும் பார்க்கிறது, ரேவதியின் கோபத்தையும் காட்டுகிறது. ஆனால் அந்தப் பொய்யை அன்பு என்று மன்னித்துவிட்டுச் சீக்கிரமாகக் குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. பத்து மாதம் சுமந்தவளிடம் கேட்காமல், அவளுக்காக அழும் உரிமையையும் சேர்த்து அவனே எடுத்துக்கொண்டானே, அது என்ன அன்பு? இப்போது இந்தப் படத்தை எடுத்தால் அங்கேதான் கதை ஆரம்பிக்கும்.

சேரனின் 'தவமாய் தவமிருந்து' (2005) அப்பா படம் என்று பெயர் வாங்கியது. எனக்குப் பிடித்தது நடுவில் வரும் சென்னைப் பகுதி. கல்யாணத்துக்கு முன்பே பெண் கர்ப்பம், ஊரை விட்டு ஓடிவந்து, கையில் காசில்லாமல், யாரும் இல்லாமல் இரண்டு பேர் குழந்தைக்குக் காத்திருக்கிறார்கள். மாங்காய், மயக்கம் எதுவும் இல்லை. வேலையும் வாடகையும்தான். தமிழ் சினிமாவில் கர்ப்பத்துக்கு ஒரு செலவுக் கணக்கு உண்டு என்று காட்டிய அபூர்வப் பகுதி. அதுவும் கடைசியில் ராஜ்கிரணின் பெருமையைக் காட்டுவதற்கான ஏற்பாடாகப் போய்விட்டதில் எனக்கு வருத்தம். பத்மப்ரியாவின் முகத்தில் இன்னும் பத்து நிமிஷம் காமிரா நின்றிருக்கலாம்.

'காற்று வெளியிடை' (2017) வந்தபோது கார்த்தியின் பாத்திரத்தைத் திட்டாதவர் இல்லை. லீலா குழந்தை உண்டாகியிருப்பதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, அப்பாவாக நான் தயாரில்லை என்கிற கலக்கம். ஹீரோ தூக்கிச் சுற்றவில்லை என்பதற்காகவே தியேட்டரில் ஒரு அசௌகரிய அமைதி. படத்தில் பல தொல்லைகள் உண்டு. ஆனால் ஒரு ஆணுக்குப் பயம் வரலாம் என்பதை நம் சினிமா அதுவரை ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு அவனைப் பாகிஸ்தான் சிறையில் போட்டு, பிரசவம், தூக்கமில்லாத ராத்திரி எல்லாவற்றிலிருந்தும் மணிரத்னம் காப்பாற்றிவிட்டார். திரும்பி வரும்போது மகள் ரெடிமேடாக நிற்கிறாள்.

ஆறு புத்தகத்தையும் படித்து முடித்து, குறிப்பெடுத்து, இந்தக் கட்டுரைக்கு ஒரு பாதி எழுதி வைத்திருந்தேன். மனைவி மேஜையைத் துடைக்க வந்தவள் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நாற்பது வருஷத்துக்கு முந்தின பிரசவத்துக்கு இப்போது சந்தேகம் கேட்க ஒன்றுமில்லை. பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் போட்டிருக்கான். பயம்னு ஒரு சாப்டர் இல்லையே" என்றாள்.

"உனக்குப் பயமா இருந்துதா?"

"இல்லாம?"

"சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க இருந்தீங்க, சொல்றதுக்கு?"

அது உண்மை. ஏழாம் மாதம் எழும்பூரில் ரயிலேற்றி விட்டேன். கும்பகோணத்தில் மாமனார் இறக்கிக்கொண்டார். நான் திருவல்லிக்கேணியில் மெஸ் சாப்பாடு, லைப்ரரி, செகண்ட் ஷோ. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர். 'மாத்திரை சாப்பிடுகிறாயா?' என்று கேட்டு எழுதியிருப்பேன். தந்தி வந்தது, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஆபீசில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். மூன்றாவது நாள் போய்ச் சேர்ந்தேன். நற்றிணை ஊரன் மாதிரி. என்ன, நான் பகலில் போனேன். அவர்கள் வழக்கத்தில் யார் மேலும் குற்றமில்லை. தாய் வீட்டுக்குப் போவதில் பெண்ணுக்கு ஓய்வு உண்டு, அம்மாவின் கை உண்டு. ஆனால் அந்த ராத்திரி பதினான்கு மணி நேரம் என்ன நடந்தது என்பதை நாற்பது வருஷம் கழித்து, மேஜை துடைக்கும்போது தெரிந்துகொண்டேன். கொடி சுற்றியிருந்ததாம். அதைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. "கேட்கலியே நீங்க" என்றாள், கோபமே இல்லாமல்.

கட்டுரையின் முதல் பாதியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இப்போது உள்ளே போக விடுகிறார்களா? 2004 முதல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருத்தரை அனுமதிக்கிறார்கள். இந்தியாவுக்கே முன்னோடியான ஏற்பாடு. அம்மாவோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பிரசவம் சுலபமாகிறது என்பது உலக சுகாதார நிறுவனமும் சொல்கிற விஷயம். ஆனால் துணை பெண்ணாக இருக்க வேண்டும். 2016-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில், மற்ற பெண்களின் மறைவுக்குப் பங்கம் வராத ஏற்பாடு இருந்தால் கணவனையும் விடலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பத்துக் கட்டில் வரிசையாகப் போட்ட வார்டில் அது நடக்காது என்பதும் நியாயம்தான். மற்ற ஒன்பது பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? தனியறைக்குப் பணம் கொடுக்க முடிகிற கணவன் மட்டும் உள்ளே போகலாம் என்றாகிறது. லீவு விஷயமும் அப்படித்தான். 2017 திருத்தத்துக்குப் பின் சட்டப்படி தாய்க்கு 26 வாரம். மத்திய அரசு ஊழியனான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனியில் சட்டப்படி அவனுக்குப் பூஜ்யம், முதலாளியின் நல்ல மனசைப் பொறுத்தது. ஸ்வீடனில் இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளும் லீவை 1974-லேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த ஜோடிக்கு நான் எதைச் சிபாரிசு செய்வேன் என்று யோசித்தேன். கையேடு ஒன்று கட்டாயம் வாங்கிக்கொள்ளட்டும், டாக்டர் எழுதியதாகப் பார்த்து. கூடவே அவனுக்கு ஒரு கதை. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்', 1943-ல் எழுதியது. அதில் கர்ப்பமும் இல்லை, குழந்தையும் இல்லை. பட்டணத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, தீராத சீக்காளியான மனைவி. தனியாக இரண்டே பேர். சொந்தம், பந்தம் எல்லாம் தெற்கே தூரத்தில். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிறார், வெந்நீர் வைக்கிறார், அவளைத் தாங்கிப் பிடிக்கிறார். ஒரு இடத்தில்கூட ஆசிரியர் அவரைப் பாராட்டவில்லை. அவரும் தன்னைத் தியாகி என்று நினைக்கவில்லை. அவருக்கு அலுப்பு வருகிறது, அவள் போனால் தனக்கும் அவளுக்கும் விடுதலை என்றுகூட ஓடுகிறது. ஆனாலும் வெந்நீர் கொதித்ததா என்று எழுந்து பார்க்கிறார். சாவு நடக்கும் கதையைப் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து அவன் மட்டும் படிக்கட்டும் என்று சமரசமானோம்.

இதைத் தமிழில் யாராவது டாக்டர் எழுதினால் நன்றாக இருக்கும்: அவனுக்காக ஒரு நாற்பது பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த நம்பர், 108 வருவதற்குள் என்ன செய்வது, ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன, ரத்த வகை என்ன, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது, பருப்பு உசிலியை விடு, வெறும் ரசம் வைப்பது எப்படி. அவள் காரணமில்லாமல் அழுதால் காரணம் கேட்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது. அவனுக்கே பயமாக இருந்தால் யாரிடம் சொல்வது. இது கடைசியில் இல்லாமல் முதல் அத்தியாயமாக வர வேண்டும். விலை நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

அன்றைக்கு வெளியே வரும்போது அவர்களைத் திரும்பவும் பார்த்தேன். கரும்பு ஜூஸ் கடை பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் கிடைத்திருந்தது. அவள் அதில். அவன் பைகளின் மேல். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை அவன் முட்டி மேல் நீட்டியிருந்தாள். அவன் ஏதோ ஒரு புத்தகத்தைப் பிரித்து அவளுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். என்ன புத்தகம் என்று அட்டையை எட்டிப் பார்த்தேன். சமையல் புத்தகம். வத்தக்குழம்பு பக்கம்.

"புளி எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றாள் அவள்.

"எலுமிச்சம்பழ சைஸ்."

"ரெண்டா போடு."